மாசி முதல் ஆனி வரை: வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர்த் தட்டும் தேன்சிட்டும்

செங்கல்பட்டுப் பக்கம், நாலு புறமும் வீடு நெருங்கிவிட்ட ஒரு மனையின் பின்கட்டு இது. ஒரு முருங்கை, ஒரு தேன்பழ மரம், வேலியோரம் இட்லிப்பூவும் நாட்டுச் செம்பருத்தியும், மதில் மூலையில் ஹமீலியாப் புதர். பெரிய தோட்டம் இல்லை. மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை இங்கே செய்து பார்த்ததையும், அதற்குப் பறவைகள் எப்படி வந்தன என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். தானியமோ சோறோ போடவே இல்லை. சோறு போட்டால் காக்கையும் மாடப்புறாவும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சின்னப் பறவைகள் ஒதுங்கிவிடும். கோடையில் அவற்றுக்குத் தேவை தண்ணீர், பூ, பூச்சி, ஒளிய ஒரு புதர்.

மாசி, பங்குனி

முதலில் தட்டு. குயவரிடம் வாங்கிய சுட்ட மண் தட்டு; விட்டம் 40 செ.மீ., நடுவில் ஆழம் 5 செ.மீ. புதுத் தட்டை ஒரு ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீரைத் தட்டே குடித்துவிடும். பீங்கானும் வழவழப்பான பிளாஸ்டிக்கும் ஆகாது, குளிக்க இறங்கும் பறவைக்குக் கால் வழுக்கும். எவர்சில்வர் பத்து மணிக்கே சுடும். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் போனால் மைனாவும் காக்கையும்தான் இறங்கும். தையல்சிட்டு அளவுள்ளவைக்கு 2 செ.மீ. போதும். சொரசொரப்பான கருங்கல் ஒன்றைத் தட்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் இரண்டு ஆழமும் கிடைத்துவிடுகிறது.

வைக்கும் இடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். வெட்டவெளியில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து கொண்டைக்குருவிகூடக் கிட்டே வராது. ஹமீலியாப் புதரிலிருந்து 2 மீட்டர் தள்ளி, காலை பத்து மணிக்கு மேல் நிழல் விழும் இடத்தில் வைத்ததும் வரத்து கூடியது. பக்கத்தில் காய்ந்த முருங்கைக் கிளை ஒன்றை நட்டு வைத்தேன். பறவை அதில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறது. தட்டுக்கு நேர் மேலே மின்கம்பியோ தென்னை மட்டையோ இருக்கக் கூடாது, எச்சம் விழுந்துகொண்டே இருக்கும்.

தண்ணீரை தினமும் கொட்டி மாற்றுவதோடு நிறுத்திவிடக் கூடாது. தட்டைத் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில் முட்டையை ஒட்டி வைக்கும். அது காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தால் முட்டை, பாசி இரண்டும் போய்விடும். சோப்பு வேண்டாம்.

காக்கைகள் காய்ந்த சப்பாத்தி, மீன் முள், எலும்புத் துண்டு என்று எதையாவது கொண்டுவந்து ஊறப்போடும். மொட்டை மாடிச் சுவரில் அவற்றுக்கென்று ஆழமான தொட்டி ஒன்றை வைத்தபின் கீழ்த்தட்டு பெரும்பாலும் தப்பியது.

இந்த நாட்களில் தேன்சிட்டுகள் அதிகம் சுற்றுவது முருங்கைப் பூவில். இந்தப் பக்கம் மூன்று வகை வரும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் ஆணுக்கு வயிறு மஞ்சள், மார்பில் செம்பழுப்புப் பட்டை. ஊதாத் தேன்சிட்டின் ஆண் தூரத்தில் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். லோட்டன் தேன்சிட்டும் ஏறக்குறைய அதே நிறம்தான். ஆனால் அலகு நன்றாக நீண்டு வளைந்திருக்கும், வயிறு மங்கிய பழுப்பு. 1752 முதல் 1757 வரை இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. நிறத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட அலகைப் பார்ப்பது நல்லது.

சித்திரை

முருங்கைப் பூ குறைந்ததும் சிட்டுகள் ஹமீலியாவுக்கு மாறின. ஆரஞ்சு நிறக் குழாய்ப் பூ; வெட்டாமல் விட்டால் கோடை முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பிறகு கருஞ்சிவப்புக் காய்கள் வரும், அவை கொண்டைக்குருவிக்கு. ஒரே செடியில் இரண்டு விருந்து என்பதால், சின்ன இடத்தில் ஒரு செடிதான் வைக்க முடியும் என்றால் நான் இதையே சொல்வேன். இட்லிப்பூவும் அப்படித்தான். வாடிய கொத்தை அழகுக்காகக் கிள்ளிவிடுகிறார்கள். விட்டு வைத்தால் சிவப்புப் பழம் பிடிக்கும், பறவை தின்னும்.

செம்பருத்தியில் நாட்டு ஒற்றைச் சிவப்பு நல்லது. அடுக்குப் பூவில் இதழ்கள் தேனை மூடிக்கொள்ளும். ஒற்றைப் பூவிலும் சிட்டு முன்பக்கமாகப் போவது குறைவு. பக்கவாட்டில் உட்கார்ந்து, பூவின் அடிப்பாகத்தை அலகால் குத்தித் தேனை உறிஞ்சிவிடுகிறது. விழுந்த பூவை எடுத்துப் பார்த்தால் அடியில் அந்தக் கீறல் தெரியும். மகரந்தத்தைத் தொடாமலே தேன் எடுக்கும் இந்த வழியால் பூவுக்குப் பயன் இல்லை, செடிக்குக் கெடுதலும் இல்லை. அந்தப் பூ எப்படியும் மறுநாள் வாடிவிடும்.

மொட்டு பூக்காமலே உதிர்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். மண் முழுக்கக் காய்ந்தபின் ஒரேயடியாகக் குடம் குடமாக ஊற்றுவது ஒன்று, மாவுப்பூச்சி இன்னொன்று. மாவுப்பூச்சி இருக்கும் கிளையில் எறும்புச் சாரி ஓடும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். அதிலும் போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். பூவை விட்டுவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில், வெயில் சாய்ந்தபின் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இமிடாகுளோபிரிட் போல ஊடுருவும் மருந்துகளை இந்தத் தோட்டத்தில் சேர்க்கவே கூடாது. அவை செடிக்குள் ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். தேன்சிட்டு தன் குஞ்சுக்குக் கொடுப்பதும் தேன் அல்ல, சிலந்தியும் சின்னப் பூச்சியும்தான். பூச்சியே இல்லாத சுத்தமான தோட்டத்தில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

கொடிக்கயிற்றுக் கொக்கியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டியது இந்த மாதத்தில். கட்டுவது பெரும்பாலும் பெட்டைதான். நார், பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் சிலந்தி வலையால் சேர்த்துத் தைத்துத் தொங்கவிடும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். சிலந்தி வலை தேவைப்படும் என்பதால் பங்குனியிலிருந்தே வெளிச்சுவர் ஒட்டடையைத் தட்டாமல் விட்டிருந்தேன். உள்ளே மெத்தைக்குப் பஞ்சு தேடும் என்பதால் வெடித்த இலவங்காய் ஒன்றைக் கிளையில் கட்டி வைத்ததும் பயன்பட்டது. முட்டை இரண்டு. அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். அதுவரை அந்தக் கொடியில் துணி இல்லை, கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும் இல்லை. நாம் அடிக்கடி போய் நின்றால் காக்கையும் செம்போத்தும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஆண் சிட்டு வண்டிக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று கொத்திக்கொண்டிருந்தால், கண்ணாடிக்குப் பழந்துணியைக் கட்டிவிடுங்கள்.

கத்திரி

மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை தட்டு அரை நாளில் வற்றிவிடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட்டைப் புதிதாக வாங்கி, 2 லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் காற்றுத் துளை போட்டு, தட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டேன். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. நிமிடத்துக்கு 30 சொட்டு வைத்தால் மணிக்கு 90 மி.லி., பாட்டில் சுமார் 22 மணி நேரம் தாங்கும். பாட்டிலுக்கு வெள்ளைத் துணி சுற்றாவிட்டால் தண்ணீர் கொதிக்கும், பாசியும் பிடிக்கும். சொட்டும் சத்தமும் அசையும் தண்ணீரும் பறவையை இழுக்கின்றன. இதற்குப் பிறகுதான் குண்டுக்கரிச்சான் தட்டுக்கு வந்தது.

தேன்சிட்டு மட்டும் தட்டில் குளிப்பது அரிது. அது ஈர இலையில் புரண்டு குளிக்கும். மாலை நாலரைக்கு மேல் கல்வாழை இலைமேல் குழாயைப் பூத்தூறலாகப் பிடித்தால் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. தையல்சிட்டும் அதே இலைக்கு வரும்.

செடிக்குத் தண்ணீர் காலை ஆறரைக்குள். அடியில் 7 செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்கு. தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைக் கிளறி வாரி இறைத்துவிடும். பூச்சியைத் தேடித்தான் கிளறுகின்றன, சாயங்காலம் திரும்பத் தள்ளிவிட்டால் போதும். நிழல்வலை கட்டுவதானால் முரசுத் தோல் போல விறைப்பாகக் கட்ட வேண்டும். தொங்கும் வலையில் பறவையின் கால் சிக்கிக்கொள்ளும்.

வைகாசிக் கடைசி, ஆனி

தேன்பழ மரத்தில் குயில், குக்குறுவான், பூங்கொத்தி. குரலை மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்குப் புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயில் வேறு பறவை என்றே தோன்றும். பூங்கொத்தி இங்குள்ளவற்றில் மிகச் சின்னது. இலைக்கூட்டத்துக்குள் டிக் டிக் என்று விடாமல் சத்தம் வரும் இடத்தில் பார்க்க வேண்டும்.

முதல் மழைக்குப் பின் ஹமீலியாவில் கூடு ஏதும் இல்லை என்று உள்ளே விலக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினேன். வெட்டிய கிளையில் பென்சில் கனமுள்ள, 15 செ.மீ. நீளத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று கணு. கீழ்க் கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு, மணலும் மட்கிய எருவும் சரிபாதி கலந்த பையில் ஒரு கணு புதையும்படி ஊன்றி, முருங்கை நிழலில் வைத்திருக்கிறேன். ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கினால் அழுகும். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று எடுத்து நடக் கூடாது. தண்டில் இருக்கும் சத்திலேயே துளிர் வரும். பையின் அடித்துளையில் வேர் எட்டிப் பார்த்தபின் நட்டால் போதும். மேற்கு மதிலோரம் இரண்டு, மீதி பக்கத்து வீடுகளுக்கு.