மார்கழியில் ராமேஸ்வரம்: வடகடலா, தென்கடலா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கரையோரத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. டிசம்பர் கடைசியிலும் மதிய வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டில் வற்புறுத்தி எடுத்து வைத்த ஸ்வெட்டர் பையை விட்டு வெளியே வரவில்லை. இங்கே பார்க்க வேண்டியது குளிரை அல்ல, காற்றை.

மண்டபத்தில் ஆட்டோ பிடித்தோம். "அரியமான் போங்க சார், தண்ணி குளம் மாதிரி கிடக்கும், பிள்ளைக குளிக்கலாம்" என்றார் ஓட்டுநர். எழுநூறு ரூபாய்! போய் இறங்கினால் சவுக்குத் தோப்பு பேயாட்டம் ஆடுகிறது. கடல் கலங்கி, அலை ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. மணல் பறந்து வந்து கணுக்காலில் சுரீரென்று குத்த, சின்னவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அந்த மனிதரோ வெயிட்டிங் சார்ஜ் தனி என்கிறார். அந்த ஊர்க்காரருக்கு மார்கழியில் அரியமான் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்தான் சிரித்தார். "வாடை அடிக்கையில வடகடல்ல யாராச்சும் குளிப்பாகளா தம்பி? தென்கடலுக்குப் போங்க."

விஷயம் இவ்வளவுதான். ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, அதுதான் வடகடல்; தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடகிழக்குப் பருவக்காற்று நேராக வடகடலில் மோதுகிறது. தெற்குப் பக்கத்துக்குத் தீவே மறைப்பு. ஆடியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வந்தால் அப்படியே தலைகீழ்: தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். மறுநாள் தீவின் தென்கரையில் இருக்கும் குந்துகால் போனோம். அதே மாவட்டம், அதே வெயில், தண்ணீர் மட்டும் பச்சைக் கண்ணாடி! விவேகானந்தர் 1897-ல் வந்து இறங்கிய கரை அது. பிள்ளைகளைக் கரையேற்றப் பெரும்பாடு பட்டோம்.

தனுஷ்கோடிக்கு அரசு பஸ்ஸே போகிறது, ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். அதன் கடைக்கோடியான அரிச்சல்முனையில் கிழக்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் கடல் உறுமுகிறது, வலப்பக்கம் சும்மா கிடக்கிறது. ஆனால் அங்கே எந்தப் பக்கமும் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். வழியில் தேங்கிய நீரில் பூநாரைகளைப் பார்க்கலாம். அவற்றுக்காகவே 2025-ல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள்.

அங்கே ஓலைக்கொட்டகை ஒன்றில் சாப்பிட்டதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மீனை நம் கண் முன்னால் கழுவி, மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்து, இரும்புச் சட்டியில் போடுகிறார் அந்த அக்கா. ஓரம் கருகி, நடுவில் வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரிகிறது. நண்டுக் குழம்பு வேறு. "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கப்பா" என்று அவர் சொல்லச் சொல்ல, பட்ஜெட்டை மறந்தேன். பில் வந்தபோதும் ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

எப்போது வரலாம்? நவம்பர் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. ஆக டிசம்பரிலும் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பக் கூடாது. போதாக்குறைக்கு ஐயப்ப சீசன் கூட்டம், அறை வாடகை வாயில் வந்ததுதான். பொங்கல் கழிந்து வந்தால் மழையும் ஓய்ந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். தை அமாவாசை எந்தத் தேதி என்று மட்டும் காலண்டரில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அன்று அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது.