கறுப்புத் திரையில் சுற்றும் வடை

“ஏன்டா, வடையப் போட்டு இப்படிச் சுத்துற?”

மியான்மரின் யாங்கோனில் இன்றும் மின்சாரம் போய்விட்டது. பாட்டியின் முகத்தில் மடிக்கணினி வெளிச்சம் மட்டும்.

எழுத்துகள் மட்டுமே தெரியும் கறுப்புத் திரையான டெர்மினலில் ஓடியது டோனட் நிரல். டோனட் என்றால் நடுவில் ஓட்டையுள்ள, வடை போன்ற பலகாரம். 2006இல் நிரலாளர் ஆண்டி ஸ்லோன் சி என்ற நிரல்மொழியில் எழுதியது. நிரலின் வரிகளே வளைய வடிவில்தான் இருக்கும், குசும்புக்காரர்!

படமே கிடையாது, 12 குறிகள்தான். ஒளி குறைந்த பக்கம் புள்ளி, காற்புள்ளி. ஒளி ஏற ஏறச் சமக்குறி, டாலர், கடைசியில் ‘அட்’ (@). இவ்வளவுதான், வடைக்கு உடம்பு வந்துவிடுகிறது. முன்பக்கம் வந்தால் பின்பக்கம் மறைகிறது.

பாட்டிக்குச் சொன்னேன். “புள்ளி வச்சா வளைவு வரும். கோலம் போடுறவளுக்கே சொல்றியா?” என்றார்.

சரிதான். அவர் கோலம் மட்டும் அசையாது. சுற்றி நடப்பது அவர்தான்.

பேட்டரி 4 சதவீதம். வடை இன்னும் சுற்றுகிறது.