புலாவ் உபினுக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்

சிங்கப்பூரிலேயே இருந்துகொண்டு இன்னும் உபின் தீவுக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் இங்கே? சாங்கி முனை படகுத்துறையில் நின்றால் போதும், முன்பதிவெல்லாம் கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பிவிடும், கால் மணி நேரத்துக்குள் அக்கரை.

இறங்கியதும் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீடுகள், டுரியான் மரங்கள், கிணறு, ஜெனரேட்டர் சத்தம். ஒரு காலத்தில் கிரானைட் வெட்டிப் பிழைத்த ஊர் இது. சிங்கப்பூர் நீரிணையில் நிற்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது, நாரைகள் வந்து உட்காருகின்றன.

எனக்கு உயிர் என்றால் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற சதுப்பு நிலம்தான். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், நடைபாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டுகளைக் கூப்பிடும், எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. இந்த இடத்தை மண் கொட்டித் தூர்க்கத்தான் இருந்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் சாதாரண மக்களும் விடாமல் பேசியதால் 2001 டிசம்பரில் அது தள்ளிவைக்கப்பட்டது. அவர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம், காட்டுப்பன்றி வந்தால் விலகி நில்லுங்கள், தீனி போடாதீர்கள். தண்ணீரும் கொசு மருந்தும் மறக்க வேண்டாம். இருட்டுவதற்கு முன் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.