கேம்பஸ் கட்டப் போறீங்களா, ஆர்ச்சை கடைசியா வரைங்க

யூனிவர்சிட்டி கேம்பஸ் ஒண்ணு கட்டணும்னு யாராச்சும் முடிவு பண்ணிட்டா பேப்பர்ல முதல்ல வர்றது ஆர்ச்தான். ரோட்டோரம் பெருசா ஒரு ஆர்ச், அதுல இருந்து நேரா நாலு லேன் ரோடு, ரோடு முடியுற இடத்துல முழுக்க கண்ணாடி மாட்டுன அட்மின் பிளாக், முன்னாடி ஒரு ஃபவுண்டன். கிளாஸ் ரூமு, ஹாஸ்டலு, கேன்டீனு எல்லாம் மிச்சம் கிடக்குற இடத்துல போட்டுக்கலாம்னு விட்டுருவாங்க. நான் காரைக்குடியில ஆர்க்கிடெக்டா இருக்கேன், இந்த மாதிரி டிராயிங் எங்க டேபிளுக்கு நிறைய வரும், வர்றப்பல்லாம் நான் ரெண்டே கேள்விதான் கேப்பேன். சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல இருந்து லேபுக்கு ஒரு புள்ள நடந்து வருதுன்னா அதுக்கு நிழல் எங்க இருக்கு, ஐப்பசி கார்த்திகையில கொட்டுற மழை எந்த வழியா எங்க போய்ச் சேரும். இந்த ரெண்டுக்கும் டிராயிங்ல பதில் இல்லைன்னா அந்த எலிவேஷன், அதாவது முகப்புப் படம், எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு அது பிளான் இல்ல.

முதல்ல தண்ணி. நம்ம சீமை ஆறு ஓடுற சீமை இல்ல, வானம் பாத்த பூமி, மழை பெய்யுறதே வருஷத்துல கொஞ்ச நாள்தான், அதுலயும் பாதி ஐப்பசி கார்த்திகையில. அதனாலதான் இங்க ஊரை அமைச்சவங்க தெருவை வரையும்போதே தண்ணியையும் சேர்த்து வரைஞ்சாங்க. கூரைத் தண்ணி வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல விழும், முற்றத்துத் தூம்பு வழியா தெரு வாய்க்காலுக்குப் போகும், அங்க இருந்து ஊரணிக்கு, அதாவது ஊர்க் குளத்துக்கு. வீட்டைத் தெருமட்டத்துல இருந்து நல்லா ஒசத்திக் கட்டினதும் இதே கணக்குலதான். 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தப்ப எல்லாரும் பங்களா படத்தையே போட்டாங்க, எனக்கு அதைவிட இந்த ஊரணி ஏற்பாடு பெருசாத் தெரியும்.

ஒரு காலேஜ் சைட்டுக்கு சர்வே பண்ணப் போயிருந்தோம், ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்த பெரியவர் ஒருத்தர் எங்க குச்சியையும் கயித்தையும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னவர், "தம்பி, இது கண்மாய்க்குத் தண்ணி வர்ற பாதை, இது மேல கட்டடத்தை வச்சீகன்னா தண்ணி உள்ள வந்துரும்"னாரு. பாத்தா அங்க வாய்க்கால்னு எதுவுமே தெரியாது, செம்மண்ல லேசா ஒரு பள்ளம், அதுல கருவேலம் முளைச்சுக் கிடக்கு, அவ்வளவுதான். கான்டூர், அதாவது நிலத்தோட மேடு பள்ளத்தை அளந்து எடுத்து அரை மீட்டர் உயர இடைவெளியில கோடு போட்டுப் பாத்தா அவர் கை காட்டுன அதே இடத்துல கோடெல்லாம் வளைஞ்சு வாய்க்கால் தெளிவாத் தெரியுது, லைப்ரரியை வரைஞ்சு வச்சிருந்ததும் சரியா அதே இடத்துலதான். லைப்ரரியைத் தள்ளி வச்சோம், தண்ணி வர்ற அந்த வரத்துக்காலை அப்படியே விட்டு ரெண்டு பக்கமும் நடைபாதை போட்டோம். இப்ப யாராச்சும் கேம்பஸ் பிளான்னு வந்தா நான் முதல்ல கேக்குறது எஃப்எம்பியும், அதாவது சர்வே நம்பரோட நில அளவைப் படமும், கான்டூர் ஷீட்டும், அப்புறம் பக்கத்து ஊர்ல வயசானவுக ரெண்டு பேர்.

கணக்கு போட்டே பாருங்களேன். ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. ஒரு லட்சம் சதுர அடி கூரைன்னா சுமார் 9,300 சதுர மீட்டர். வருஷத்துக்கு 900 மி.மீ. மழைன்னு வச்சா 83 லட்சம் லிட்டருக்கு மேல, சிந்துறது ஆவியாறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு போனாலும் 65 லட்சம் லிட்டர் கையில நிக்கும். தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிருச்சு, ஆனா பாதி இடத்துல அப்ரூவலுக்காக ஒரு குழியைத் தோண்டி ஜல்லியைக் கொட்டி மூடிட்டுப் போயிருவாங்க. கேம்பஸ் அளவுக்கு இடம் இருக்குறவங்க ஒரு ஊரணியே வெட்டலாம், படிக்கட்டோட, சுத்தி மரத்தோட. பீகார்ல ராஜ்கிர் பக்கம் நாளந்தா யூனிவர்சிட்டிக்கு 455 ஏக்கர்ல புது கேம்பஸ் கட்டி 2024 ஜூன்ல திறந்தாங்க இல்லையா, அங்க அவங்க ஊர் பழைய ஆஹர் பைன் முறையை, அதாவது வாய்க்கால் வழியா வர்ற தண்ணியைக் கரை கட்டித் தேக்குற முறையைத்தான் எடுத்து கேம்பஸ் நடுவுல குளங்களா வச்சிருக்காங்க. அவங்களுக்கு அது, நமக்கு ஊரணி.

அடுத்தது நடை. ஒரு பீரியட் முடிஞ்சு அடுத்த பீரியடுக்குப் போக பத்து நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம், அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் நடக்குறது சுமார் 400 மீட்டர். அப்ப கிளாஸு, லேபு, லைப்ரரி, கேன்டீன் எல்லாம் அந்த 400 மீட்டர் வட்டத்துக்குள்ள நெருக்கி வரணும், 200 ஏக்கர் இருக்கேங்கிறதுக்காக ஒவ்வொரு டிபார்ட்மென்டையும் ஒவ்வொரு மூலையில தூக்கிப் போட்டா எல்லாரும் பைக்ல சுத்துவாங்க, பைக் இல்லாதவங்க வெயில்ல காய்வாங்க. ஐஐடி கான்பூரை ஆர்க்கிடெக்ட் அச்யுத் கன்விந்தே 1960கள்ல டிசைன் பண்ணப்ப லைப்ரரியை நடுவுல வச்சு, மத்த பிளாக்கை எல்லாம் கூரை போட்ட நடைபாதையால கோத்து, வண்டியை வெளிச்சுத்துலயே நிறுத்திட்டாரு. வெயில் கொளுத்துற ஊருக்கு இதைவிட நேர்மையான பிளான் நான் பாத்ததில்ல. பெங்களூர்ல ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி பண்ண ஐஐஎம் இன்னொண்ணு, அக்பர் கட்டின ஃபதேபூர் சிக்ரி நகரத்தை மனசுல வச்சு முற்றம் முற்றமா, கருங்கல் சுவரு, மேல பெர்கோலாங்கிற சட்டப் பந்தல்ல இருந்து நிழல் கோடு கோடா விழுற நீள நீளமான காரிடாரு. அங்க பாதிப் பேச்சு கிளாஸ் ரூமுக்கு வெளியதான் நடக்கும்னு பாத்த உடனே தெரிஞ்சிரும்.

முற்றம்னதும் நம்மாளுங்க "அப்ப நம்ம வளவு வச்சுக் கட்டிரலாம்"னு சந்தோஷமாயிருவாங்க. எனக்கும் ஆசைதான், ஆனா இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வளவு குளுகுளுன்னு இருக்குதுன்னா அதைச் சுத்தி இருக்குற கூரை தாழ்வா சரிஞ்சு வருது, தாழ்வாரம் அகலமா இருக்கு, முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கு, அதனால காத்து உள்ள நுழைஞ்சு மறுபக்கம் போயிருது. அதே அகல முற்றத்தை நாலு மாடி பிளாக் நடுவுல வச்சீங்கன்னா அது கிணறு, கீழ்த்தளத்துல பகல்லயே லைட்டு போடணும், சத்தம் வேற மேல எதிரொலிச்சுக்கிட்டே இருக்கும். மாடி ஏற ஏற முற்றத்தையும் அகலமாக்கணும், இல்ல ரெண்டு மாடியோட நிறுத்திக்கணும், ஒரு பக்கத்தையாச்சும் காத்துக்குத் திறந்து விடணும். முகப்புல ரெண்டு தேக்குத் தூணை நட்டு, கேரளா ஓட்டைப் போட்டு, ரிசப்ஷன்ல மட்டும் ஆத்தங்குடிக் கல்லு பதிச்சுட்டு செட்டிநாட்டு ஸ்டைல்னு சொல்றது எனக்கு ஒப்பலை. ஆத்தங்குடிக் கல்லை கண்ணாடி மேல கலர் சிமெண்டை ஊத்தி, நம்ம ஊர் மண்ணைப் போட்டு, கையாலயே அமுக்கி எடுக்குறாங்க, சூளையே கிடையாது, ஜனங்க நடக்க நடக்கத்தான் அதுக்குப் பளபளப்பு ஏறும். அதைக் கொண்டுபோய் யாரும் கால் வைக்காத எம்.டி. ரூம்ல பதிக்குறதுக்குப் பதிலா ஆயிரம் பேர் நடக்குற காரிடார்ல பதிங்க.

ஒசரமான திண்ணையும் படிக்கட்டும் நம்ம வீட்டுக்கு அழகு, கேம்பஸுக்கு அதை அப்படியே எடுக்க முடியாது. சக்கர நாற்காலிக்கு சாய்தளம் 1:12 சரிவுல இருக்கணும், மூணு அடி ஒசத்தி பீடம் கட்டினா 36 அடி நீளத்துக்கு ராம்ப் வரும், நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளம் வேற வேணும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இதெல்லாம் செஞ்சே ஆகணும், அதனால பிளான்லயே முகப்பு வழியா எல்லாரும் ஒரே பாதையில ஏறி வர்ற மாதிரி வரைஞ்சிருங்க, கட்டி முடிச்சப்புறம் குப்பைத்தொட்டி பக்கத்துல பின்வாசல்ல ஒரு ராம்ப் ஒட்டுறது அந்தப் புள்ளைய அவமானப்படுத்துற வேலை.

எனக்கு ரொம்ப மனசுல இருக்குறது டே ஸ்காலர் புள்ளைங்க. நம்ம பக்கத்து காலேஜுக்கு தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து பஸ்ல வர்றவங்கதான் நிறைய. ஊருக்கு காலையில ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு, எட்டு மணிக்கே கொண்டாந்து இறக்கி விட்டுரும், கிளாஸ் ஒன்பதரைக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு முடிஞ்சா அடுத்த பஸ் ஆறுக்கு. இந்த மூணரை மணி நேரம் அவங்க எங்க இருப்பாங்கன்னு எந்த டிராயிங்லயும் இருக்காது. ஒரு கேம்பஸ்ல நான் பாத்தேன், பூட்டின கிளாஸ் ரூம் வாசல்ல மாடிப்படியில ரெண்டு பொண்ணுங்க உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுங்க, யாராச்சும் மேல ஏறுனா பாக்ஸை மடியில தூக்கி வச்சுக்கிட்டு ஒதுங்கி, அவங்க போனதும் திரும்ப இறக்கி வச்சு சாப்பிடுதுங்க. ஃபவுண்டனுக்கு ஒதுக்குற காசுல ஒவ்வொரு பிளாக் வாசல்லயும் நல்ல அகலமா ஒரு திண்ணை, ஒரு ஃபேனு, போன் சார்ஜ் போட ரெண்டு பிளக்கு, கையலம்பக் குழாய், பக்கத்துலயே பொம்பளைப் புள்ளைங்களுக்கு பூட்டாத ஒரு டாய்லெட்டு, இவ்வளவும் வச்சிரலாம். மாடர்ன் கேம்பஸ்னு நான் சொல்றது இதைத்தான், வைஃபையும் ஸ்மார்ட் போர்டும் வேணும்தான், ஆனா அதை எப்ப வேணா வாங்கி மாட்டிக்கலாம், திண்ணையை அப்புறமா கட்டுறேன்னு சொன்னா எந்த டிரஸ்ட்டும் கட்டாது.

இன்னொண்ணு, ஒரே மூச்சுல எல்லாத்தையும் கட்டிராதீங்க. அழகப்பச் செட்டியார் 1947ல ஆர்ட்ஸ் காலேஜ் ஆரம்பிச்சாரு, அடுத்து 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரியை (CECRI), அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டாந்தாரு, 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல திறந்தாங்க, நடுவுல 1952ல இன்ஜினியரிங் காலேஜ், அழகப்பா யூனிவர்சிட்டி ஆனது 1985ல, அவர் 1957லயே காலமாயிட்டாரு. கம்ப்யூட்டர் சயின்ஸு, பயோடெக்னாலஜின்னு என்னென்ன டிபார்ட்மென்ட் பின்னாடி வரும்னு அவருக்கு எப்படித் தெரியும், ஆனா அதெல்லாம் வந்து உக்கார மண்ணை விட்டுட்டுப் போனாரு. அதனால இன்னைக்கு மாஸ்டர் பிளான் போடுறவங்க முதல் அஞ்சு வருஷத்துக்குத் தேவையானதை மட்டும் நெருக்கமாக் கட்டுங்க, மிச்ச நிலத்துல ரோடு, வரத்துக்கால், பைப் லைன், கேபிள் போற பாதை இதை மட்டும் குறிச்சு வச்சுட்டு சும்மா விடுங்க. பிளாக்கோட நீளப்பக்கம் வடக்கு தெக்கு பாக்குற மாதிரி கிழமேலா வைங்க, மேற்கு வெயில் சுவத்துல படுறது நல்லாக் குறையும், ஏசி பில்லுல அது தெரியும். ஹாஸ்டல் கழிவுநீருக்கு எஸ்டிபி, அதாவது சுத்திகரிப்பு நிலையம், அந்தத் தண்ணி மரத்துக்கு. சோலார் பேனலை பார்க்கிங் மேல போட்டா வண்டிக்கும் நிழலு.

மரம் மட்டும் பில்டிங்குக்கு முன்னாடியே வைக்கணும். கிரஹப்பிரவேசத்தன்னைக்கு மினிஸ்டர் கையால ஒரு கன்னு நடுறதுல ஒண்ணும் ஆகாது. பாதை எங்க வரும்னு முடிவான மாசமே வேம்பு, புங்கை, பூவரசு, ஊரணிக் கரையில இலுப்பை, மருதுன்னு வச்சு, ஆடு மாடு கடிக்காம வேலி போட்டு, கட்டட வேலைக்கு வர்ற டேங்கர் தண்ணியில கொஞ்சத்தை அதுக்கு விட்டுட்டு வந்தீங்கன்னா, முதல் பேட்ச் அட்மிஷனுக்கு வர்ற அன்னைக்கு புங்கை ஆள் ஒசரத்துக்கு மேல நிக்கும். இதுக்கு ஆகுற செலவு அந்த ஆர்ச்சு செலவுல ஒரு மூலை கூட வராது, ஆர்ச்சை மூணாவது வருஷம் கட்டிக்கலாம்.