கச்சானுக்குத் தப்பி எந்தப் பக்கம்?

ஆகஸ்ட் விடுமுறையில் மலைக்குப் போவதென்று மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் முடிவாக ஐந்து நிமிடம் போதும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தரும். மாமி கொடியில் போடும் சேலை, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்து விறைத்து நிற்கும். "எங்கயாவது குளிரான இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க புள்ள" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் எங்கே தங்குவது என்பதுதான் இரண்டு கிழமைச் சண்டை.

போனமுறை நான் தெரிவு செய்து கெட்ட பெயர் வாங்கினேன். நுவரெலியாவில் கிரகரி வாவியைப் பார்த்தபடி ஒரு அறை. போனில் வந்த படத்தில் யன்னலுக்கு வெளியே வாவி, மேலே மூடுபனி, மேசையில் பூச்சாடி. படத்தில் இல்லாதது படிகள். ஐம்பத்தெட்டு. மாமியின் முழங்கால் கணக்கில் அது நூற்றுப் பதினாறு, ஏனென்றால் இறங்கவும் வேண்டும். சுடுதண்ணீர் கூரையில் இருந்த சூரிய ஒளித் தாங்கியிலிருந்து வந்தது. நாங்கள் நின்ற இரண்டு நாளும் சூரியனைக் கண்டால்தானே? அத்தோடு அது ஏப்ரல். வசந்த காலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நாடே அங்கே கூடும் மாதம். அறை வாடகை ஏறி நிற்கும். வாவிக்கரையில் நள்ளிரவு வரை பாட்டு. வாவியை ஒருமுறை பார்த்தோம், பாட்டை இரண்டு இரவு கேட்டோம்.

இந்த முறை இவர் தானே பொறுப்பெடுத்தார். எல்ல என்ற மலையூருக்குப் போவோம் என்றார். பிள்ளைகளும் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கலாம் என்று அவர் பக்கம் சாய்ந்தார்கள். எல்லயில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரந்தான். நுவரெலியா 1868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை அளவில் இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துக் கணக்குப் போட்டேன். கல்லடியில் 33 பாகை என்றால் எல்லயில் 26, நுவரெலியாவில் 21. 26 பாகைக்கு மட்டக்களப்பிலிருந்து வான் பிடித்துப் போவதா? எங்களுக்கு மார்கழி மழையில் அது வீட்டுக்கே வரும்.

அப்போதுதான் இவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "ஆகஸ்டில் நுவரெலியாவில் மழை பெய்யுமே?"

பெய்யும். ஏனென்றால் அங்கே மழையைக் கொட்டுவதும் இங்கே எங்களை வாட்டுவதும் ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, கையிலிருப்பதையெல்லாம் மழையாகக் கொடுத்துவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது வெறுங்கையாகி, சூடேறி, மட்டக்களப்புக்கு வரும்போது கச்சான் என்று பெயரெடுக்கிறது. (பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது சின்னவள், அப்படியென்றால் நிலக்கடலையை வறுத்து விற்கிற கச்சானுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.)

ஆக, நாங்கள் தேடவேண்டியது வாவியோ பாலமோ அல்ல. குளிர் இருக்கவேண்டும், மழை குறைவாக இருக்கவேண்டும். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அப்படி ஒரு இடம் இருந்தது. நுவரெலியா நகரிலிருந்து வெலிமடைப் பக்கம் போகும் வீதியில், சீதா எலிய தாண்டி ஹக்கல. மலை ஊவாப் பக்கம் சரியத் தொடங்கும் வாசல் அது. உயரம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் காற்று பாதி மழையைப் பின்னாலேயே விட்டுவிட்டு வருகிறது. போதாததற்குச் சீதையம்மன் கோயில் அந்த வழியில். கோயிலைச் சொன்னதும் மாமியின் வாக்கு எனக்கு விழுந்தது. எல்ல தோற்றது.

பிறகு போன் பேசும் படலம். படங்களைப் பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டேன். ஐந்தாறு இடங்களுக்கு அழைத்து எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டேன். தண்ணீர் கரண்டில் சூடாகிறதா, வெயிலிலா? வான் முற்றம் வரை வருமா? குசினி தருவீங்களா? வீட்டில் ஒரு நேரமாவது சொந்தக் கையால் சமைக்காவிட்டால் மாமிக்குத் தூக்கம் வராது, எனக்கும் கைச்செலவு தாங்காது. படி எத்தனை என்ற கேள்விக்கு "கூட இல்ல மேடம்" என்றவர்களை அங்கேயே தள்ளிவிட்டேன். அது பதில் இல்லை.

கடைசியாக அழைத்த இடம் ஒரு பழைய வீடு. காவலுக்கு இருந்தவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன். அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்தான், மொழிக்குச் சிரமமே இல்லை. "பதினோரு படிங்கம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கைப்பிடி ஒரு பக்கந்தான் இருக்கு, அம்மா பெரியவங்கன்னா நான் மறுபக்கம் நிக்கிறேன்" என்றார். நேற்றுப் பின்னேரம் மழையா என்றேன். "டவுன்ல நல்ல மழை. இங்க தூறல்." அவ்வளவுதான், முற்பணம் அனுப்பிவிட்டேன்.

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பினால் அது ஏ5 வீதி. மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. அதே வீதி ஹக்கலவுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி, மறுபக்கம் இறங்கிப் பேராதனை வரை போகிறது. எத்தனையோ முறை அந்தச் சந்தியைத் தாண்டியிருக்கிறேன், இது நுவரெலியா வீதி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பசறையில் சின்னவள் சத்தி எடுத்தாள். வெலிமடைக்குப் பிறகு யன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஏறின.

வீடு எப்படி? பூஞ்சண மணம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய். காட்டோரத்து வீடுகளுக்கு அது பிறவிக் குணம் போலும். மெத்தை ஈரமாக இருப்பதுபோல் ஒரு குளிர், தொட்டுப் பார்த்தால் ஈரமில்லை. ஆளுக்கு மூன்று கம்பளி கேட்டு வாங்கினோம். இவர் மீன் சுடக் கொண்டுவந்த கரியடுப்பை இரவு அறைக்குள் வைத்தால் என்ன என்றார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாங்க சார், மூடின ரூம்ல கரிப்புகை ஆளைத் தூக்கத்துலயே கொண்டு போயிரும்" என்று அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

நகரம் தூரம் என்பது மெய்யான குறை. பிள்ளைகளுக்கு வாவியில் படகுக்குப் போக ஆட்டோ, வர ஆட்டோ. அன்று நகரில் மழை பிடித்துக்கொண்டது, நனைந்த படகில் யாரையும் ஏற்றவில்லை. திரும்பி வருகிறோம், கோயிலைத் தாண்டும்போது மழை நூலாகி, வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் வெயில். மாமி கதிரையைப் படிக்குக் கீழே போடச்சொல்லி, ஸ்வெட்டரோடு காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். 1861இல் கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரம் பயிரிடத் தொடங்கிய இடந்தான் ஹக்கல பூங்கா என்று நான் வாசித்ததைச் சொன்னேன். கேட்டமாதிரித் தெரியவில்லை. மரத்தில் தாவிய கருங்குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இறங்கினோம். மகா ஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்திக் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடித்தது. மாமி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, "கச்சான் காத்துக்கிட்டு நிண்டிருக்கு" என்றார். வான் கரடியனாறு தாண்டும்போதே அடுத்த பயணம் தை மாதம் என்று தீர்மானித்துவிட்டார். நான் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தையில் விடியப்புறம் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் என்றார். மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.