எண்ணெய்ச் சூட்டுத் தழும்புக்கு லேசர் போட்ட கதை

கொதித்த எண்ணெய் தெறித்த முன்கைப் புண் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. மட்டக்களப்பில் தோல் கிளினிக்கில் காட்டியபோது டொக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். மூன்று கிழமைக்குள் ஆறாத தீப்புண் தடித்த தழும்பாக எழும்ப வாய்ப்பு அதிகமாம். எனக்கும் அப்படித்தான்: சிவந்து தடித்து, இரவில் சொறிச்சல் தாங்காது. காயத்தின் எல்லையைத் தாண்டி வளராததால், அப்படித் தாண்டி வளரும் கீலொயிட் வகைத் தழும்பு இல்லை என்றார்.

முதலில் தந்தது சிலிக்கோன் ஷீட். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலமாவது ஒட்டியிருக்க வேண்டும். மட்டக்களப்பு வெக்கைக்கு அது வியர்வையில் வழுக்கிக் கழன்றுவிடும். கழுவிக் காயவைத்து மறுகா ஒட்டுவேன். கூடவே தழும்புக்குள் ஸ்டீரொய்ட் ஊசி. உண்மையைச் சொன்னால், தடிப்பைக் குறைத்தது ஊசிதான்.

சிவப்பும் சொறிச்சலும் போகாததால் லேசருக்குக் கொழும்புக்கு எழுதித் தந்தார். அதற்கிடையில் தெரிந்த பார்லரில், "எங்களிட்டயும் லேசர் இருக்குதானே அக்கா" என்றார்கள். அது பளிச்சென்று பல நிற ஒளி அடித்து முடி எடுக்கிற ஐபிஎல் மெசின், லேசரே இல்லை. நான் போகவில்லை.

கொழும்பில் போட்டது பல்ஸ்ட் டை லேசர், ஒளியின் அலைநீளம் 595 நானோமீற்றர். தழும்பின் நுண்குழாய்களில் ஓடும் இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாக, குழாய்கள் அடைபட்டுச் சிவப்பு வடியும். சிக்கல் என்னவென்றால், நம் தோலின் கறுப்பு நிறமியும் அதே ஒளியை உறிஞ்சும். அளவு கூடினால் கொப்புளம், அப்புறம் கறுப்புப் படை. அதனால் ஓரத்தில் சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து, சில கிழமை விட்டுத்தான் மிச்சத்தைத் தொட்டார்கள். கறுத்த தோலுக்கு இந்தச் சோதனை இல்லாமல் நேரே தொடங்குகிற இடமென்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

கண்ணுக்கு மறைப்பு, குளிர்ந்த ஸ்பிரே, உடனே றப்பர் பாண்டால் சுண்டின மாதிரி ஒரு அடி. சில நிமிசத்தில் முடிந்தது. பிறகு ஊதாவாகக் கன்றி ஒரு கிழமைக்கு மேல் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு, "காசும் குடுத்து அடியும் வாங்கிட்டு வந்திரிக்காய் மகள்" என்றா.

மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இரவு ரயில்தான் வசதி. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30 கிறீம். இப்போது சொறிச்சல் நின்றுவிட்டது, தழும்பும் தட்டை. நிறம் மட்டும் சுற்றியுள்ள தோலோடு இன்னும் சேரவில்லை. முழுதாக மறையும் என்று அங்கே யாரும் வாக்குத் தரவுமில்லை.