கண்டி வீதியின் மறுமுனை

எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தால் கண்டி வீதி. சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். முகவரியிலேயே கண்டி இருக்கிறது. ஆனால் அந்த வீதியைப் பிடித்து ஒரு தடவைகூடக் கண்டிக்குப் போனதில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறித் தூங்கிப் பழகியதோடு சரி.

என் தங்கையின் மகள், என் மருமகளுக்குக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவளுடைய மெத்தை, வாளி, புத்தகப் பெட்டி, தங்கை கட்டிக் கொடுத்த புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) மூட்டை எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றினோம். யாரையும் கேட்காமல் அப்பா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். 1970களில் இதே வீதியில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றி லொறி ஓட்டியவர் அவர். 1983 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கம் போகவே இல்லை. பிறகு போரில் வீதியே இல்லாமல் போனது. 2002இல் திறந்தார்கள், 2006 ஆகஸ்டில் மறுபடி மூடினார்கள். திருகோணமலைக்குக் கப்பலில் போன காலம் எனக்கே நினைவிருக்கிறது.

ஆனையிறவைக் கடக்கும்போது விடிந்தது. இரண்டு பக்கமும் நீர், நடுவில் நாங்கள். மருமகள் கண்ணாடியை இறக்கி உப்புக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும், "அது கண்டியிலிருந்து எண்ணிய மைல்" என்றார் அப்பா. கிலோமீற்றர் வந்து எத்தனை காலம்! ஊர்ப்பெயர் மட்டும் மைலிலேயே நிற்கிறது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அப்பா எந்தப் பயணமும் போகமாட்டார். கோயில் வாசலில் வறுத்த கச்சான் வாங்கினோம். கடதாசிச் சுருளுக்குள் கையை விட்டால் சூடு. அடியில் கொஞ்சம் மணலும் கிடந்தது. அப்பா ஒவ்வொன்றாக உடைத்துத் தோலை ஊதி, பருப்பை மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

கனகராயன்குளம் தாண்டியதும் முன்சில்லு வெடித்தது. மேலதிகச் சில்லை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. முந்தின நாள்தான் கராஜில் ஐந்து சில்லையும் பார்த்தாயிற்று என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று உயிரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல எப்படி மனம் வரும்?

வண்டியைத் தூக்கும் ஜக்கு மணலில் புதைந்துகொண்டே போனது. உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் இறங்கி, "பலகை வைக்காமல் நிற்காது தம்பி" என்று பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பலகையை எடுத்துக் கொடுத்தார். அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்கள் நிழலில் இருங்கள்" என்றார். எங்கள் சில்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புளியங்குளம் போய்க் காற்று அடித்துக் கொண்டுவந்தார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வெயில் உச்சியில் நின்றது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. மருமகள் தானாகவே மூட்டையை அவிழ்த்து, இரண்டு கை நிறையப் புழுக்கொடியல் அள்ளிக் கொடுத்தாள். அதை வாங்கிச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டார்.

வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை எல்லாம் ஓடிப் போயின. மாத்தளையில் மழை பிடித்தது. முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கண்ட அப்பா இருக்கையில் நிமிர்ந்து கும்பிட்டார். அதற்குப் பிறகு அக்குறணையில் தொடங்கிய நெரிசல் விடவே இல்லை. தண்ணீரும் வாகனமுமாக ஊர்ந்து, விடுதி வாசலில் பெட்டிகளை இறக்கும்போது இரவு எட்டரை. மருமகள் அழவில்லை. அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இந்த ஆற்றில்தான் லொறியைக் கழுவுவோம்." மகாவலி மழையில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, போத்தலில் தண்ணீர் மொண்டு வந்து, வன்னிப் புழுதி ஒட்டியிருந்த முன்சில்லில் ஊற்றினார். காணாது என்று மறுபடி இறங்கினார். நானும் இன்னொரு போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.